குளிர்காலத்தில் எல் எஸ்கோரியல்: முதல் முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மத்ரித் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், குவாதர்ராமா மலைத்தொடரின் அடிவாரத்தில், சான் லொரென்சோ தே எல் எஸ்கோரியல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே இரண்டாம் பிலிப் மன்னர் கட்டியெழுப்பிய கருங்கல் வளாகம் ஒரே கூரையின் கீழ் துறவியர் மடமாகவும், பசிலிக்காவாகவும், அரண்மனையாகவும், அரச குடும்பத்தின் கல்லறையாகவும், நூலகமாகவும் விளங்கியது. ஸ்பெயினுக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் செல்கிறார்கள். மத்ரித்திலிருந்து ஒரு நாள் பயணமாக இங்கே வந்து, வெயிலிலும் கூட்டத்திலும் இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிட்டு, கால்வலியோடு திரும்பிவிடுகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரையிலான குளிர்மாதங்களில் இதே இடத்துக்கு எப்படிச் செல்வது, எந்த நாளைத் தேர்வது, உள்ளே எங்கே நின்று பார்ப்பது என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்லும்.

குளிர்காலத்தைப் பரிந்துரைப்பதற்குக் கூட்டக் குறைவு மட்டுமே காரணம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினை ஆண்ட போர்போன் மன்னர்களின் அரசவை பருவத்துக்கு ஏற்ப இடம்பெயர்ந்து கொண்டே இருந்தது. வேனில் தொடக்கத்தில் அரான்ஹுயெஸ், கடுங்கோடையில் லா கிராங்ஹா, இலையுதிர் காலத்தில் எல் எஸ்கோரியல் என்பது அவர்களுடைய வழக்கம். மூன்றாம் கார்லோஸும் நான்காம் கார்லோஸும் இங்கே வேட்டையாடியதும் விருந்தளித்ததும் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில்தான். 1807-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், தந்தைக்கு எதிராகச் சதி செய்ததாகப் பட்டத்து இளவரசர் ஃபெர்னாந்தோ கைது செய்யப்பட்டதும் இந்தச் சுவர்களுக்குள்தான். ஆகவே நவம்பரில் அங்கே செல்பவர், அரசவை இங்கே கூடியிருந்த அதே பருவத்தில் செல்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

வளாகத்தைப் பராமரிப்பது பத்ரிமோனியோ நாசியோனால் என்னும் அரசு நிறுவனம். திங்கட்கிழமைகளில் விடுமுறை. அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவது வழக்கம். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைவு நின்றுவிடும். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1, 6 ஆகிய நாள்களில் கதவு திறக்காது. ஜனவரி 6 நம் நாட்காட்டியில் சாதாரண நாள். ஸ்பெயினில் அது மூன்று அரசர்கள் திருநாள், குழந்தைகளுக்குப் பரிசு வழங்கும் பெருநாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஐரோப்பா செல்பவர்கள் இந்தத் தேதிகளை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

குளிர்காலம் முழுவதும் கூட்டம் இராது என்று எண்ணிவிடக் கூடாது. டிசம்பர் 6 அரசியலமைப்பு நாள், 8 அமலோற்பவ அன்னை திருநாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாளையும் சேர்த்து மக்கள் நீண்ட விடுப்பு எடுப்பார்கள். அப்போது மத்ரித் நகரில் பாதிப் பேர் மலைப்பக்கம் வருகிறார்களோ என்று தோன்றும். மேலும், டிசம்பரிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சான் லொரென்சோவின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் ஆளுயர உருவங்களைக் கொண்டு மிகப் பெரிய கிறிஸ்துமஸ் குடில் அமைக்கிறார்கள். குடிலைக் காணவே வார இறுதிகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். குடிலையும் பார்க்க விரும்பினால் அந்த மாதத்தில் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மடத்தை மட்டும் அமைதியாகக் காண விரும்பினால் நவம்பர் நடுப்பகுதியோ, ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரி முடியும் வரையோ மிகப் பொருத்தம். வார நாள்களின் காலையில் பள்ளி மாணவர் குழுக்கள் வருவதுண்டு; ஒரு குழு முன்னே சென்றால் பத்து நிமிடம் பொறுத்து அடுத்த அறைக்குச் செல்லுங்கள், அவர்கள் விரைவாகவே கடந்துவிடுவார்கள்.

நுழைவுச்சீட்டை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம். குளிர்கால வார நாளில் நேரில் சென்று வாங்குவதிலும் பெரிய சிரமம் இராது. வாரத்தின் சில பிற்பகல்களில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் இலத்தீன் அமெரிக்க நாட்டவர்க்கும் கட்டணமில்லா நுழைவு உண்டு; பிரான்சிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை பெற்று வாழும் நம்மவர்கள் அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் சென்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிற்பகல்களில் கூட்டம் கூடும், நேரமும் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். முதல் முறை செல்பவர் கட்டணம் செலுத்தி, காலை 10 மணிக்கே உள்ளே செல்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

போர்போன் மன்னர்களின் அறைகள், தோட்டங்களுக்கு நடுவே உள்ள இரண்டு சிறு மாளிகைகள் ஆகியவை பொதுச் சீட்டில் அடங்காமல், தனியாக வழிகாட்டியோடு மட்டும் திறக்கப்படுவதுண்டு. அவற்றைக் காண ஆசை இருந்தால் எந்த நாளில், எந்த மணிக்கு என்பதைப் புறப்படுவதற்கு முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடையும் காலணியும்

ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பின்னால் நிற்கும் அபாந்தோஸ் மலை 1,700 மீட்டரைத் தாண்டும். மத்ரித்தில் இதமான வெயில் அடிக்கும் நாளில்கூட இங்கே மலையிலிருந்து இறங்கும் காற்று காதுகளை உறையச் செய்யும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்வது இயல்பு. சில நாள்களில் பனியும் பெய்யும். ஆகவே ஒரே தடித்த கோட்டை நம்பாமல், உள்ளே ஒட்டிய வெம்மையாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத மேலாடை என அடுக்கி அணியுங்கள். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரே வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது பாதங்களைத்தான். கருங்கல்லும் பளிங்கும் பாவிய தரையில் மூன்று மணி நேரம் நிற்கும்போது குளிர் கீழிருந்து மேலேறும். தடித்த அடிப்பாகமும் பிடிமானமும் உள்ள காலணியும் இரட்டைக் காலுறையும் அணிந்தவர்கள் கடைசி அறை வரை பொறுமையாகப் பார்ப்பார்கள். மெல்லிய காலணி அணிந்தவர்கள் பாதி வழியிலேயே காப்பிக் கடையைத் தேடுவார்கள். பசிலிக்காவின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் நாள்களும் உண்டு.

பைகளை நுழைவாயிலில் சோதிப்பார்கள். பெரிய முதுகுப்பையைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை அங்கேயே காவலரிடம் கேட்டுவிடுங்கள்.

சென்று சேரும் வழி

இரண்டு வழிகள் உள்ளன. மத்ரித்தின் மொன்க்ளோவா பேருந்து நிலையத்திலிருந்து 661, 664 என்னும் எண்ணுள்ள பேருந்துகள் புறப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மேலூரான சான் லொரென்சோவின் நடுவிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து மடம் சில நிமிட நடைதான். மற்றொன்று அத்தோச்சா, சமார்த்தின் நிலையங்களிலிருந்து செல்லும் புறநகர் ரயில். ரயில் நிற்பது கீழூரான எல் எஸ்கோரியலில். அங்கிருந்து மடம் இருக்கும் மேலூருக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். ஊர்ப் பேருந்தும் உண்டு. இளவரசர் மாளிகைத் தோட்டத்தின் வழியே நடந்து ஏறுவதும் இனிமையான அனுபவம். ஏறும்போது பேருந்தையும் திரும்பும்போது ரயிலையும் தேர்ந்தெடுக்கும்படி நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. காலையில் ஏற்றத்தில் வீணாகும் நேரம் மிச்சமாகும். மாலையில் அதே தோட்டத்தின் வழியே இறங்கி நடப்பது களைப்பைப் போக்கும். காலை ஒன்பது மணிக்குள் மத்ரித்தை விட்டுப் புறப்பட்டால் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் இருக்கலாம். டிசம்பர் இறுதியில் சூரியன் காலை எட்டரைக்குத்தான் உதிக்கிறது, மாலை ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது; ஆகையால் பகலின் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிச் செலவிட வேண்டும்.

உள்ளே செல்லுமுன் ஒரு சுற்று

வந்தவுடன் நுழைவாயிலுக்கு விரையாமல் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். வடக்கிலும் மேற்கிலும் கல் பாவிய பரந்த முற்றவெளி ஒன்று இருக்கிறது. அதை லோங்ஹா என்கிறார்கள். குளிர்காற்று முழு வேகத்தோடு வீசும் இடம் இது. எதிர்ப்புறக் கட்டடங்களில் தங்கியிருந்த அரசவைப் பணியாளர்கள் இந்தக் காற்றையும் பனியையும் கடந்து மடத்துக்கு வருவதற்குப் பட்ட துன்பத்தைத் தவிர்ப்பதற்காகவே, பதினெட்டாம் நூற்றாண்டில் லோங்ஹாவின் அடியில் ஒரு சுரங்க நடைபாதை அமைத்தார்கள். கோடையில் வருபவருக்கு அந்த ஏற்பாடு ஆடம்பரமாகத் தோன்றலாம். ஜனவரியில் லோங்ஹாவின் நடுவே நின்றவருக்கு அதன் தேவை உடனே புரிந்துவிடும்.

இந்த இடத்தில் கட்டடத்தின் கதையைச் சுருக்கமாக மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். 1557 ஆகஸ்ட் 10 அன்று, புனித லாரன்ஸ் திருநாளில், பிலிப்பின் படை சான் கென்தீன் போரில் பிரெஞ்சுக்காரர்களை வென்றது. அந்த வெற்றிக்கு நன்றியாகவும், தந்தை ஐந்தாம் கார்லோஸ் பேரரசருக்குத் தகுந்த கல்லறையாகவும் இந்த மடத்தை எழுப்ப மன்னர் தீர்மானித்தார். 1563 ஏப்ரல் 23 அன்று முதல் கல்லும், 1584 செப்டம்பர் 13 அன்று கடைசிக் கல்லும் வைக்கப்பட்டன. திட்டத்தை வகுத்தவர் ஹுவான் பவுத்திஸ்தா தே தொலேதோ. 1567-இல் அவர் இறந்த பிறகு ஹுவான் தே எர்ரேரா பொறுப்பேற்று முடித்தார். ஏறத்தாழ 207 மீட்டர் நீளமும் 161 மீட்டர் அகலமும் கொண்ட இந்தச் செவ்வகம், புனித லாரன்ஸை வாட்டிக் கொன்ற இரும்புத் தட்டியின் வடிவில் அமைக்கப்பட்டது என்பது நெடுநாள் நம்பிக்கை. மேற்கு வாசலுக்கு மேலே அந்தத் தட்டியைக் கையில் ஏந்தி நிற்கும் புனிதரைக் காணலாம்.

சுவர்களில் ஏறத்தாழ எந்த அலங்காரமும் இல்லை. சன்னல், சுவர், சன்னல், சுவர் என்று கணக்கிட்டு வைத்ததுபோல் ஓடும் கருங்கல் பரப்பும், அதன்மேல் பலகைக்கல் கூரையும், மூலைக் கோபுரங்களும் மட்டுமே. கோடையின் கூசும் வெயிலில் இது சிறைச்சாலையைப் போல் இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேகம் மூடிய குளிர்காலக் காலையில் கல்லின் சாம்பல் நிறமும் வானத்தின் நிறமும் ஒன்றாகிவிடும்போது, இந்த எளிமை எவ்வளவு எண்ணிச் செய்யப்பட்டது என்பது தெரியும்.

உள்ளே: எங்கே விரைவது, எங்கே நிற்பது

சுற்றுப்பாதை ஒரே திசையில் செல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும். புனரமைப்புப் பணிகளைப் பொறுத்து அறைகளின் வரிசை மாறலாம், சில அறைகள் மூடியிருக்கலாம். திரும்பி வருவது கடினம் என்பதால் எந்த இடத்தில் நேரம் செலவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றரை மணி நேரம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஓவியக் கூடங்களில் இரண்டு படங்களுக்காக மட்டும் நில்லுங்கள். முதலாவது, ரோகியர் வான் டெர் வேய்டன் வரைந்த சிலுவைப்பாடு: சிவந்த துணியின் முன்னே ஏறத்தாழ நிறமற்ற மூன்று உருவங்கள். இரண்டாவது, எல் கிரேக்கோ வரைந்த புனித மவுரீஸின் மறைசாட்சியம், அதாவது மத நம்பிக்கைக்காக அவர் உயிர்விட்ட காட்சி. பசிலிக்காவின் ஒரு பலிபீடத்துக்காக மன்னர் வரையச் சொன்ன படம் அது. 1582-இல் ஓவியர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது மன்னருக்குப் பிடிக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிக்கொண்டாரே தவிர, பலிபீடத்தில் வைக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவரிடம் புதிய படம் பெற்றார். வெட்டுண்டு இறப்பவர்களை ஓரத்தில் சிறிதாக ஒதுக்கிவிட்டு, இறக்கத் துணிந்தவர்களின் உரையாடலை முன்னே பெரிதாகக் காட்டிய படத்தின் முன்னால் மக்கள் மண்டியிட்டு வேண்ட முடியாது என்று மன்னர் எண்ணியிருக்கக்கூடும். படத்தின் முன்னே ஐந்து நிமிடம் நின்றால் நீங்களே ஒரு முடிவுக்கு வருவீர்கள்.

போர்க்கூடத்தை நடந்தபடியே பார்க்கலாம். அறுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் முழுவதும் 1431-ஆம் ஆண்டின் இகெருவேலா போரை வரைந்திருக்கிறார்கள்.

அடுத்து வரும், இரண்டாம் பிலிப்பின் மரபான ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் அறைகளில்தான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். அன்றைய உலகில் மிகப் பெரிய நிலப்பரப்பை ஆண்ட பிலிப் மன்னர் வாழ்ந்த அறைகள் இவை என்பதை நம்புவது கடினம். வெள்ளைச் சுவர், இடுப்பளவுக்கு தலவேரா நீலவண்ண ஓடுகள், செங்கல் தரை, நுணுக்கமான மரவேலைப்பாடு கொண்ட சில கதவுகள். கீல்வாதத்தால் அவதியுற்ற மன்னர் காலை நீட்டி அமர்வதற்கான நாற்காலி ஒன்றும் உண்டு. படுக்கையறை மிகச் சிறியது. அதிலிருந்து திறக்கும் ஒரு சிறு வழி பசிலிக்காவின் தலைமைப் பலிபீடத்தை நேரே நோக்குகிறது. நோயுற்றுக் கிடந்த நிலையிலும் திருப்பலியைக் காண்பதற்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. 1598 செப்டம்பர் 13 அன்று, மடத்தின் கடைசிக் கல் வைக்கப்பட்டதற்குச் சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, இந்த அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால், தெளிந்த நாளில் காலையொளி சன்னல்களின் வழியே அறைக்குள் வெகுதூரம் நுழைந்து செங்கல் தரையில் படியும். அறையில் நீங்கள் மட்டுமே நிற்கும் வாய்ப்பும் கிடைக்கக்கூடும். அப்படிக் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

தமிழர்களுக்கு இந்த அறையோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1580 முதல் பிலிப் போர்ச்சுகலுக்கும் மன்னரானார். ஆகவே முத்துக்குளித்துறையில் போர்த்துக்கேயரின் ஆதிக்கமும், மன்னார்க் கோட்டையும், கொழும்பும் அவருடைய முடியின் கீழ் வந்தன. 1591-இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே ஃபுர்தாதோ தே மெந்தோன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து, ஆண்ட மன்னரைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் அமர்த்தியபோது, போர்த்துக்கேய முடி இந்தச் சிறு அறைகளில் வாழ்ந்தவரின் தலையில்தான் இருந்தது. அந்த மேசையையும் நாற்காலியையும் இந்த நினைவோடு பார்ப்பவருக்கு அவை வெறும் பழம்பொருள்களாக இரா.

இங்கிருந்து வழவழப்பான பளிங்குப் படிகளில் இறங்கினால் மன்னர்களின் கல்லறைக் கூடம். ஈரக் காலணியோடு இறங்கினால் வழுக்கும், கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். நான்காம் பிலிப்பின் காலத்தில், 1654-இல் நிறைவடைந்த எண்கோண அறை இது. கருமை கலந்த பளிங்கும் பொன்முலாம் பூசிய வெண்கலமுமாக இருபத்தாறு பேழைகள் சுவரில் அடுக்கப்பட்டுள்ளன. ஒருபுறம் மன்னர்கள், மறுபுறம் மன்னர்களைப் பெற்ற அரசியர். ஐந்தாம் பிலிப்பும் ஆறாம் ஃபெர்னாந்தோவும் வேறிடங்களில் அடக்கமானதால் இங்கே இல்லை. உடல் நேரடியாக இந்தப் பேழைக்குள் வருவதில்லை. அருகே பார்வையாளர்கள் செல்ல முடியாத ஓர் அறையில் பல ஆண்டுகள் வைத்து, எலும்புகள் மட்டும் எஞ்சிய பிறகே கொண்டுவரப்படும். அந்தப் பணியைச் செய்பவர்கள் இங்கே வாழும் துறவியர்தான். இளவரசர், இளவரசியருக்கு உரிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லறைக் கூடங்கள் தொடர்ந்து பல அறைகளாக நீளும். அவற்றில் பிலிப்பின் தந்தைவழித் தம்பியும் படைத்தலைவருமான ஆஸ்திரியாவின் தோன் ஹுவானின் படுத்த நிலைச் சிலையையும், குழந்தைகளாகவே இறந்தவர்களுக்கென வெள்ளைப் பளிங்கில் வட்டமாக அமைத்த கல்லறையையும் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கடந்துவிடலாம்.

பசிலிக்காவுக்குள் நுழையும்போது முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பாடகர் மாடத்தைத் தாங்கும் கூரை ஏறத்தாழத் தட்டையாக, வளைவே இல்லாததுபோல் தோன்றும். இது எப்படி நிற்கும் என்று மன்னர் ஐயுற்றதால் எர்ரேரா நடுவே ஒரு தூணை நிறுத்தினார் என்றும், பிறகு மன்னரின் கண்ணெதிரே அதைத் தட்டிவிட்டு, அது எதையும் தாங்கவில்லை என்று காட்டினார் என்றும் வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அதன்பின் மெல்ல முன்னே நடந்து, குவிமாடத்தின் கீழ் நின்று பலிபீடத்தை நோக்குங்கள். அதன் இருபுறமும் இத்தாலியச் சிற்பிகளான லெயோனி தந்தையும் மகனும் வார்த்த பொன்முலாம் பூசிய வெண்கல உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன: ஒருபக்கம் ஐந்தாம் கார்லோஸின் குடும்பம், மறுபக்கம் பிலிப்பின் குடும்பம். பிலிப்பின் நான்கு மனைவியரில் மூவர் மட்டுமே அங்கே உள்ளனர். இங்கிலாந்து அரசி மேரிக்கு இடமில்லை. பென்வெனூத்தோ செல்லினி வெண்பளிங்கில் செதுக்கிய சிலுவையில் தொங்கும் இயேசுவையும் தேடிப் பாருங்கள். திருப்பலி நடக்கும் நேரமானால், வழிபட வந்தவராக அமைதியாக அமர்ந்திருக்கலாம். உலா வரக் கூடாது.

இது இன்றும் உயிருள்ள மடம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொடக்கத்தில் இங்கே வாழ்ந்த ஹெரோனிமைட் துறவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அரசு மடங்களைக் கலைத்தபோது வெளியேற்றப்பட்டார்கள். 1885-இல் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ மன்னர் வளாகத்தை அகுஸ்தீன் சபையிடம் ஒப்படைத்தார். அந்தச் சபையினர் இன்றும் இங்கே வழிபடுகிறார்கள், பள்ளி நடத்துகிறார்கள். கூட்டம் குறைந்த நாளில் ஏதோ ஒரு நடைகூடத்தின் மறுமுனையில் கதவு சாத்தும் ஓசையோ, பள்ளி மணியோ கேட்கும்.

கடைசியாக நூலகம். ஐம்பத்து நான்கு மீட்டர் நீளமுள்ள இந்தக் கூடத்தின் விதானத்தில் பெல்லெக்ரினோ திபால்தி இலக்கணம், பேச்சுக்கலை, தருக்கம், எண்கணிதம், இசை, வடிவியல், வானியல் ஆகிய ஏழு கலைகளைப் பெண்ணுருவங்களாக வரைந்திருக்கிறார். அலமாரிகளை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் எர்ரேராவே. நூல்களின் முதுகு உட்புறமாகவும், பொன்பூசிய தாள் விளிம்பு வெளிப்புறமாகவும் இருக்கும்படி அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். 1612-இல் மொரோக்கோ சுல்தான் முலேய் சைதானின் நூல்களை ஏற்றிச் சென்ற கப்பல் பிடிபட்டதால் ஆயிரக்கணக்கான அரபுச் சுவடிகள் இங்கே வந்து சேர்ந்தன. 1671-இல் மூண்ட பெருந்தீ அவற்றில் பலவற்றையும் வேறு பல சுவடிகளையும் எரித்துவிட்டது. தன் நாட்டில் வேற்று மதத்தாரைத் துரத்திய அரசு அவர்களின் மொழியில் எழுதிய நூல்களைப் பெட்டியில் வைத்துக் காத்தது என்பதையும், பின்னர் தீயிடம் இழந்தது என்பதையும் இங்கே நிற்கும்போது என்னால் எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை. சுவடிகளைப் பாதுகாக்கத் தெரியாமல் இழந்த இழப்பு நமக்கும் உண்டு அல்லவா.

உணவு

ஸ்பானியர் மதிய உணவுக்கு அமர்வது இரண்டு மணிக்கு. மடத்தை விட்டு ஒன்றரைக்கு வெளியே வந்தால் சரியாக இருக்கும். மதியத்துக்கான நிலைவிலை உணவைக் கேளுங்கள்; அதில் முதல் வகை, இரண்டாம் வகை, இனிப்பு எனச் சேர்ந்து வரும். குளிர்காலத்தில் கொண்டைக்கடலையும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த மத்ரித் கோசிதோ பரவலாகக் கிடைக்கும். பூண்டும் ரொட்டியும் இட்ட காஸ்தீலிய சூப் உடலுக்கு உடனே வெம்மை தரும். சைவம் உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: அந்தச் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டுகளும் முட்டையும் சேர்ப்பது வழக்கம், பருப்புக் குழம்பு என்று எழுதியிருப்பதிலும் சோரிசோ என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி இருக்கும். சோற்றுக்கும் குழம்புக்கும் பழகிய நாக்குக்கு, பிரித்துக் கேட்டு வாங்கிய காய்கறித் தட்டும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் போதுமானதாக அமையும். 'சின் கார்னே, சின் ஹமோன்' என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதலாவது இறைச்சி வேண்டாம் என்பதையும், இரண்டாவது பன்றித்தொடை வேண்டாம் என்பதையும் குறிக்கும். ஸ்பானியர் பலருக்கு ஹமோன் இறைச்சிக் கணக்கில் வராது என்பதால் இரண்டையும் சொல்வது அவசியம்.

பிற்பகல்

சாப்பிட்ட பிறகு மடத்தின் தெற்குப் பக்கத்திலுள்ள துறவியர் தோட்டத்துக்குச் செல்லுங்கள். ஒழுங்காகக் கத்தரித்த பசும்புதர்கள் குளிர்காலத்திலும் பச்சையாகவே இருக்கும். கீழேயுள்ள குளத்தில் மடத்தின் தென்சுவர் தலைகீழாகத் தெரியும். தென்மேற்கு மூலையில் தூண்கள் தாங்கிய திறந்த நடைமாடம் ஒன்றைக் காண்பீர்கள். நோயிலிருந்து தேறிவருபவர்கள் வெயில் காய்வதற்காகக் கட்டியது அது. அதன் பெயரே தேறுவோர் மாடம். வடக்கே லோங்ஹாவில் காற்று அறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் இங்கே கல்சுவர் வெயிலை வாங்கித் திருப்பித் தரும். குளிருக்கு எப்படிக் கட்ட வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர்கள் கட்டிய இடம் இது என்பதை இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே நாளில் உணர்பவர் மட்டுமே அறிவார்.

வானம் தெளிவாக இருந்தால், மூன்று மணிக்குள் எர்ரெரியா காட்டின் வழியே பிலிப்பின் இருக்கை என்று அழைக்கப்படும் பாறைக்கு நடந்து செல்லலாம். ஏறத்தாழ முக்கால் மணி நேர நடை. மன்னர் இதில் அமர்ந்து கட்டட வேலையைக் கவனித்தார் என்பது ஊர்க் கதை. பாறையில் வெட்டிய படிகளும் இருக்கைகளும் ரோமர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த வெத்தோனியரின் பலிமேடையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எதுவானாலும் மடம் முழுவதையும் ஒரே பார்வையில் காண இதைவிடச் சிறந்த இடம் இல்லை. இலையுதிர்ந்த மரங்களுக்கு இடையே அந்தச் சாம்பல் நிறச் செவ்வகம் மலையோடு ஒட்டிக் கிடக்கும். பனி பெய்திருந்தாலோ மூடுபனி இறங்கினாலோ இந்த நடையைக் கைவிடுங்கள். பாறை வழுக்கும், காட்டில் விளக்கு இல்லை.

நான்கரை மணிக்குப் பாறையை விட்டு இறங்கினால் இருட்டுவதற்கு முன் ஊருக்குத் திரும்பலாம். இளவரசர் மாளிகைத் தோட்டத்தின் கதவு குளிர்காலத்தில் முன்னதாகவே சாத்தப்படும் என்பதால், அது மூடியிருந்தால் பக்கத்துச் சாலையோரமாகவே கீழே இறங்கி ரயில் நிலையத்தை அடையுங்கள். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தால், நிலையத்துக்கு அருகிலுள்ள கடை ஒன்றில் சூடான சாக்லேட்டும் சுர்ரோஸ் என்னும் எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சிகளும் வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இருள் கவிந்த மலையின் மேலே மடத்தின் கோபுர முனைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.